அத்தை செய்ததும் பாலியல் கொடுமைதான்

நீங்கள் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது அத்தை உங்களை எல்லை மீறித் தொட்டதை ஆலோசகரிடம் சொன்னதாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தை செய்தது பாலியல் கொடுமைதான். "பாசத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள்" என்று ஆலோசகர் சொன்னதால் அது இல்லை என்றாகிவிடாது.

அவர் அப்படிச் சொல்ல முக்கியக் காரணம் பழக்கம் என்றே நினைக்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பக்கத்தில் படுக்கவைப்பது எல்லாம் பெண்கள் வேலை என்று பழகிய கண்ணுக்கு, தொடுகை எல்லை மீறும்போதும் பராமரிப்பாகவே தெரிகிறது. 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், பாலியல் குற்றம் செய்தவர்களில் பெண்கள் காவல்துறைப் பதிவுகளின்படி சுமார் 2 சதவீதம். பாதிக்கப்பட்டோரிடமே கேட்ட கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ 12 சதவீதம். அந்த இடைவெளியில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

நடந்ததை எழுதுங்கள். 'அத்தை' வரும் இடமெல்லாம் 'மாமா' என்று போட்டு ஆலோசகரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் பதில் மாறினால் வேறு ஆலோசகரைத் தேடுங்கள். சிறுவயதில் பாதிக்கப்பட்ட ஆண்களோடு வேலைசெய்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இதை வைத்துப் பெண்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. ஆனால் அந்த அத்தையின் பொறுப்பில் இப்போது வேறு குழந்தை இருந்தால், யாரும் உங்களை நம்பும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகள் பாதுகாப்புத் துறையிடமோ காவல்துறையிடமோ இன்றே சொல்லுங்கள்.