மட்டக்களப்புல தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்கு உதவ வெளிநாட்டுல இருந்து தொண்டு வேலைக்கு வரலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி டொரொண்டோவுல நேர்சிங் முடிச்சவங்க, அம்மாட ஊர் மட்டக்களப்பாம். அடுத்த வருஷம் ரெண்டு மூண்டு மாசம் இஞ்ச வந்து ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துல தங்கி, புள்ளைகளிட சுகாதாரத்துக்கும் படிப்புக்கும் உதவி செய்யலாமா, எப்படித் தொடங்குறது எண்டு கேட்டிருக்காங்க. நான் மட்டக்களப்புல அப்படி ஒரு இல்லத்துல பல வருஷமா படிப்பு விசயங்களைப் பார்த்து வாறன், கனடா லண்டன் ஜெர்மனி எண்டு வந்து நிண்டுட்டுப் போன நிறையப் பேரைக் கண்டிருக்கன், அதால கொஞ்சம் நீட்டாவே எழுதுறன்.

வரலாம். ஆனா புள்ளைகளோட இருக்கிறதுக்கு எண்டு வராதீங்க, புள்ளைகளை வருஷக் கணக்கா பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்களோட வேலை செய்யிறதுக்கு எண்டு வாங்க. இல்லத்தைப் பொறுப்பாப் பாக்கிற மேட்டன், சமையல் அக்கா, ராவுல காவலுக்கு நிக்கிற அன்டி, இவங்களோட. நான் சொல்லப் போற எல்லாத்துக்கும் அடி இதுதான்.

முதல்ல இல்லத்துல யார் இருக்கிறாங்க எண்டு வடிவா தெரிஞ்சு வாங்க. வெளிநாட்டுல இருந்து வாறவங்க பெரும்பாலும் 2004 டிசம்பர் 26 சுனாமியை மனசுல வச்சுக்கொண்டுதான் வாறாங்க. நாவலடி அப்படியே துடைச்சுப் போனது, அம்பாறைப் பக்கம் கல்முனை, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் எண்டு கரையோரம் முழுக்க சனம் போனது, எல்லாம் உண்மை. ஆனா அந்தப் புள்ளைகள் இப்ப இருபது வயசு தாண்டி, சிலர் தாய்மாராவும் ஆகிட்டாங்க. சண்டையில தாய் தகப்பனை இழந்து வந்த புள்ளைகளும் அநேகமா வளர்ந்து வெளிய போயிட்டாங்க. இப்ப இருக்கிற புள்ளைகள்ல கனபேருக்கு தாயோ தகப்பனோ உயிரோட இருக்கிறாங்க. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பா, தகப்பன் வேற கலியாணம் கட்டியிருப்பார் இல்லாட்டி கசிப்புச் சாராயத்தோட கிடப்பார், அம்மம்மாவுக்கு வயசு போய் பாக்க ஏலாது, ஊர்ல பள்ளிக்கூடம் தூரம், இப்படித்தான் வந்து சேருறாங்க. சிறுவர் பராமரிப்பைப் பாக்கிற நன்னடத்தைத் திணைக்களம் ஊடாக, சில நேரம் கோர்ட் கட்டளையோட வாற புள்ளைகளும் இருக்கிறாங்க, அவங்கட கதை வேற, அதை நான் இஞ்ச எழுதமாட்டன், நீங்களும் வந்து கேக்கக் கூடாது.

இதை ஏன் சொல்றன் எண்டா, வாற தொண்டர் அக்காமார் நல்ல மனசோடதான் கேக்கிறாங்க, "அம்மா அப்பாக்கு என்ன நடந்த?" எண்டு. புள்ளையும் சொல்லும். அடுத்த மாசம் வேற அக்கா வருவா, அவவும் கேப்பா, திரும்பவும் சொல்லும். கொஞ்ச நாளையில அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிரும் எந்த இடத்துல அழுதா வந்தவங்களும் அழுவாங்க எண்டு. ஒரு பத்து வயசுப் புள்ளைக்கு அந்தப் பழக்கம் வரக் கூடாது தங்கச்சி, அதைக் கண்ணால பார்க்கிறது சரியான வேதனை.

மற்றது பிரிவு. எங்கட இல்லத்துல ஆறாம் ஆண்டு படிக்கிற ஒரு புள்ள இருக்கு, யாராச்சும் புதுசா கேற்றுக்குள்ள பையோட வந்தா ஓடிப் போய் கையைப் பிடிச்சிரும், பேர் கேக்காது, "எத்தின நாள் நிப்பீங்க?" எண்டுதான் முதல் கேக்கும். ரெண்டு கிழமை எண்டா கையை விட்டுட்டுப் போயிரும். ரெண்டு மாசம் எண்டு சொன்னா ஒட்டிக்கொள்ளும், ராவுல அவங்கட பாய்க்குப் பக்கத்துல தன்ட பாயை இழுத்துப் போடும், மறுகா அவங்க போன பிறகு ஒரு கிழமைக்கு மேட்டனோட முகம் குடுத்துக் கதைக்காது, சோத்துக் கோப்பையைத் தள்ளி வைக்கும், பள்ளிக்கூடத்துல இருந்து ரீச்சர் கூப்பிட்டு அனுப்புவாங்க. வந்து போனவங்க போன்ல அழுறாங்க, அவங்களுக்கும் அன்பு இருந்தது உண்மைதான், ஆனா அந்த ஒரு கிழமையைத் தாங்குறது மேட்டன்தான்.

இது எங்கட இல்லத்துக் கதை மட்டும் இல்ல. ருமேனியாவுல நிலையங்கள்ல வளர்ந்த 136 சின்னப் புள்ளைகளை வச்சு வருஷக் கணக்கா ஒரு ஆய்வு நடந்தது, குடும்பங்களுக்கு வளர்க்கக் குடுத்த புள்ளைகள் நிலையத்திலேயே விட்ட புள்ளைகளை விட அறிவிலயும் ஆக்களோட ஒட்டிப் பழகுறதிலயும் நல்லா முன்னேறினாங்க, அதுவும் ரெண்டு வயசுக்கு முதல் போனவங்க இன்னும் கூடுதலா முன்னேறினாங்க. புள்ளைக்குத் தேவை நிலையான ஒரே ஆள். அவுஸ்திரேலியா 2018ல நவீன அடிமைத்தனத்துக்கு எதிரா சட்டம் கொண்டு வந்த நேரம், சில நாடுகள்ல காசுக்காகவே புள்ளைகளைக் கொண்டு வந்து இல்லம் நிரப்புறதையும் அதுக்குள்ள வச்சுத்தான் பேசினாங்க. 2019ல ஐநா பொதுச் சபையும் அநாதை இல்லங்களுக்குத் தொண்டு எண்டு சுற்றுலா வாறதைப் பற்றி அரசுகளை எச்சரிச்சது. எல்லா இல்லமும் அப்படி எண்டு நான் சொல்லல்ல, எங்கட பக்கம் தன்ட நகையை அடகு வச்சு புள்ளைகளுக்கு அரிசி வாங்கின மேட்டன்மாரும் இருக்கிறாங்க. ஆனா நீங்க கேக்கிற இல்லம் பொலிஸ் ரிப்போர்ட் கேக்காம, ஆர் எவர் எண்டு விசாரிக்காம, கிழமைக்கு இவ்வளவு காசு கட்டுங்க வாங்க எண்டு சொன்னா அந்தப் பக்கம் போகாதீங்க.

இனி நீங்க நேர்சிங் படிச்சவங்க எண்டதால சுகாதாரத்துல என்ன செய்யலாம் எண்டு சொல்றன், இதுதான் உங்களால ஏலுமான பெரிய வேலை.

ஊசி மருந்து, பல்லு, கண் எல்லாம் பாக்கிறதுக்கு இஞ்ச ஆள் இருக்கு. எம்ஓஎச் ஒபிஸ் (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்), குடும்பநல மாது (ஊர் மருத்துவிச்சி), பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனை, போதனா வைத்தியசாலை, எல்லாம் இலவசம். நீங்க வந்து ஸ்டெதஸ்கோப் மாட்டத் தேவையில்ல. குறை எங்க எண்டா, இது எல்லாத்தையும் ஒரு புள்ளையிட பேர்ல கோர்த்து வைக்க ஆள் இல்ல. ஒரு உதாரணம், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி 2017ல இருந்து ஆறாம் ஆண்டுப் பொம்புளப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல ரெண்டு தரம் போடுறாங்க, ஆறு மாச இடைவெளியில. புள்ள வாகரையில முதல் ஊசி போட்டுட்டு நடுவுல இல்லத்துக்கு மாறி வந்து இஞ்ச வேற பள்ளிக்கூடத்துல சேர்ந்தா ரெண்டாவது ஊசி விடுபடும், கார்ட் ஊர்ல அம்மம்மாட றங்குப் பெட்டிக்குள்ள கிடக்கும். இதை ஒருத்தர் இருந்து ஒவ்வொரு புள்ளைக்கும் தேடி எடுத்து, குடும்பநல மாதோட கதைச்சு, ஒரு கொப்பியில எழுதி, அந்தக் கொப்பியை எப்படித் தொடர்ந்து எழுதுறது எண்டு மேட்டனுக்குப் பழக்கிட்டுப் போனா, அது நீங்க போன பிறகும் ஓடும்.

முந்தி இஞ்ச வந்து போன ஒரு நேர்ஸ் அம்மா, மெல்பேர்ன்ல இருந்து வந்தவங்க, பொடியள் பொடிச்சியள் வளர்த்து முடிச்ச ஆள், வந்து முக்கால்வாசி நேரம் குசினிக்குள்ளதான் இருந்தாங்க. எங்கட புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல வாராவாரம் இரும்புச்சத்துக் குளிசை குடுக்கிறாங்க, இருந்தும் கனபேர் வெளிறிப் போய், அசெம்பிளியில மயங்கி விழுந்துகொண்டு இருந்தாங்க. இந்த அம்மா என்ன கண்டாங்க எண்டா, மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோட பெரிய கேத்தல்ல பிளேன்டீ வரும், எல்லாரும் குடிப்பாங்க, அதுதான் வழக்கம். தேயிலை சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல ஊற விடாது. சமையல் அக்காவோட இருந்து கதைச்சு, தேத்தண்ணியை நாலு மணிக்கு மாத்தி, சாப்பாட்டோட தேசிக்காய்ப் புளி விட்ட முருங்கையிலைச் சுண்டலும் நெத்தலியும் கூட்டி வச்சாங்க. பெரிசா செலவில்ல. இண்டைக்கும் எங்கட இல்லத்துல தேத்தண்ணி நாலு மணிக்குத்தான்.

மாதவிடாய் விசயம் கட்டாயம் கதைக்க வேணும், இஞ்ச ஆரும் வாய் திறந்து சொல்லமாட்டாங்க. 2022ல காசு நெருக்கடி வந்து டொலர் இருநூறு ரூபாயில இருந்து முந்நூற்றி அறுபது வரைக்கும் போன நேரம், முதல்ல வெட்டுப்பட்டது பேட் செலவுதான், பருப்பா பேட்டா எண்டு வந்தா மேட்டன் பருப்பைத்தான் வாங்குவா, அவவைக் குறை சொல்லேலாது. துணி பாவிச்சா அதை வெயில்ல காயப் போட வேணும், ஆனா கொடியில ஆரும் கண்டுடுவாங்க எண்டு கட்டிலுக்குக் கீழ ஈரத்தோட காய வைக்கிறாங்க, மறுகா கடி, சொறி, அதையும் சொல்லமாட்டாங்க. மதில் பக்கமா நல்ல வெயில் படுற ஒரு மறைப்பு கட்டிக் குடுத்தா, பாவிச்ச பேட்டைப் போட பின்னுக்கு மூடியோட ஒரு வாளி வச்சா பாதிப் பிரச்சினை தீரும். பெரிய புள்ளைகள்ல ரெண்டு பேரைப் பழக்குங்க, அவங்க சின்னதுகளுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. நீங்க ஒரு நாள் புரொஜெக்டர் போட்டு வகுப்பு எடுக்கிறதை விட அது பலன்.

படிப்புக்கு வாறன். மட்டக்களப்புல டியூஷன் இல்லாம ஓ எல் (பதினோராம் ஆண்டுச் சோதனை) எடுக்கிற புள்ள குறைவு. பின்னேரம் மூண்டு மணிக்கு சைக்கிள் எல்லாம் கிளாசுக்குத்தான் போகும். இல்லத்துப் புள்ளைகளுக்கு அதுக்குக் காசும் இல்ல, ஆறு மணிக்குள்ள கேற்றுக்குள்ள நிக்க வேணும் எண்ட சட்டமும் இருக்கு. வாவிக்கு மேற்கால படுவான்கரையில இருந்து வாற புள்ளைகள், வெல்லாவெளி வவுணதீவுப் பக்கம், அங்க பள்ளிக்கூடங்கள்ல கணிதத்துக்கும் இங்கிலீசுக்கும் ஆசிரியர் குறைவு, எட்டாம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தாலும் பின்னம் கூட்டத் தெரியாது, வெக்கத்துல கேக்காதுகள். ஓ எல்ல கணிதம் பெயிலானா ஏ எல் (உயர்தரம்) கனவு அநேகமா முடிஞ்சுது. இதுக்கு ரெண்டு மாசம் வந்து இங்கிலீஸ் பாட்டுச் சொல்லிக் குடுத்தா காணாது. நீங்க டொரொண்டோவுல இருந்துகொண்டே கிழமையில ரெண்டு நாள், அதே நேரம், அதே முகம், ஒன்பதாம் ஆண்டுல இருந்து பதினோராம் ஆண்டு வரைக்கும் சூம்ல ஒரு நாலு புள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிச்சா அதுதான் பெரிய தொண்டு. இல்லத்துக் கொம்பியூட்டர்ல, கதவு திறந்து வச்சு, பொறுப்பான ஆள் பக்கத்துல இருக்க வேணும், புள்ளைகளிட தனிப்பட்ட போனுக்கு மெசேஜ் போடக் கூடாது, இது உங்களுக்கும் பாதுகாப்பு.

இப்ப ஆருமே கேக்காத விசயம், பதினெட்டு வயசு. அதுக்குப் பிறகு இல்லத்துல வச்சிருக்க ஏலாது. எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வழக்கம் உங்கட அம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க. பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு, தாய் தன்ட வீட்டை மகளுக்குக் குடுத்துட்டுப் பக்கத்துல கொட்டில் போட்டு இருப்பா, மாப்பிள்ளை வந்து பொம்புள வீட்டுலதான் குடியிருப்பார். நல்ல வழக்கம், புள்ளைக்குப் பலம். ஆனா தாயும் இல்லாம வளவும் இல்லாம இல்லத்துல இருந்து வெளிய வாற புள்ளைக்கு அதே வழக்கம் அடி. கலியாணம் பேச வந்தா முதல் கேள்வி "வீடு இருக்கா?" தனிய அறை வாடகைக்குக் கேட்டா குமர்ப்புள்ளைக்குக் குடுக்கமாட்டாங்க. அப்ப தூரத்துச் சொந்தத்துல ஆரோ ஒருத்தர் வீட்டுல வேலைக்காரி மாதிரி இருக்கும், இல்லாட்டி அவசர அவசரமா ஒருத்தரைக் கட்டிக்கொள்ளும். பத்து வருஷம் நாங்க பாத்துப் பாத்து வளர்த்த புள்ள ரெண்டு வருஷத்துல கைக்குழந்தையோட திரும்பி வந்து கேற்றுல நிண்டா என்ன பாடு படும் மனசு.

அதால காசு சேர்த்து அனுப்புற எண்ணம் இருந்தா, இன்னொரு கட்டில், இன்னொரு பெயின்ட் அடிப்பு எண்டு போகாம இதுக்குப் போடுங்க. எங்கட பழைய புள்ளைகள் நாலு பேர் கல்லடிப் பக்கம் ஒரு சின்ன வீட்டுல ஒரு வயசான மாமியோட இருக்கிறாங்க, வாடகையை வெளிநாட்டுல இருக்கிற சில குடும்பங்கள் சேர்ந்து குடுக்கிறாங்க, ஒருத்தி என்விகியூ எண்ட தொழிற் தகைமையில நாலாம் தரம் முடிச்சிட்டாள், ஒருத்தி வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பசுக்கு பஸ்சுல போய் வாறாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவங்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ், பேங்க் புத்தகம், இதெல்லாம் பதினஞ்சு வயசுல இருந்தே தேடித் தொடங்க வேணும், கிராம சேவகர் பிரதேச செயலகம் எண்டு அலைய ஆள் வேணும். தமிழ் கதைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அது ஏலும். அதே காசுல சில தாய்மாரை வெளிநாடு போகாமத் தடுக்கவும் ஏலும், ஒரு தையல் மெசினும் கோழிக்கூடும் இருந்தா புள்ளையை இல்லத்துல விடத் தேவையில்லாத வீடுகள் எனக்குத் தெரிஞ்சே இருக்கு.

விசா விசயம், டூரிஸ்ட் விசாவுல சம்பளம் இல்லாத வேலையும் செய்யக் கூடாது, இல்லத்தோட கதைச்சு சரியான வழியில எடுங்க. இல்லம் நன்னடத்தைத் திணைக்களத்துல பதிஞ்சதா எண்டு கேளுங்க, பிழையா ஏதும் கண்டா 1929க்கு அடிச்சுச் சொல்லுங்க, அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட நம்பர். புள்ளைகளிட முகம் தெரிய போட்டோ போடவே வேணாம், ஆர் லைக் போட்டாலும். வகுப்புல கூடப் படிக்கிற புள்ள அந்தப் போட்டோவைப் போன்ல காட்டி "நீ அநாதையா?" எண்டு கேட்டு, எங்கட புள்ள ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகாம இருந்தது.

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுல வராதீங்க, சொந்தம் இருக்கிற புள்ளைகள் வீட்டுக்குப் போயிருவாங்க, போக வேணும்தான். நவம்பருக்குப் பிறகு மழை, வெள்ளம். மே ஜூன் நல்லம், வெக்கைதான், கல்லடிக் கடற்காத்து இருக்கு. இல்லத்துக்குள்ள தங்காம அம்மாட சொந்தக்காரர் வீட்டுல தங்கி பகல்ல வந்து போங்க.

டிக்கெட் இப்ப எடுக்காதீங்க. முதல்ல மேட்டனோட போன்ல ரெண்டு மூண்டு தரம் கதைங்க, அவங்களுக்கு எதுல கை குறையுது எண்டு கேளுங்க, அவங்க சொல்ற வேலையை வச்சு நாளைக் குறிங்க.