சி.எம்.இ. வகுப்புக்குப் போனால் கைத்திறன் கூடுமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து வட சென்னையில் சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். சி.எம்.இ. எனப்படும் மருத்துவர்களுக்கான தொடர் கல்வி வகுப்புகளுக்கும் போய் வருகிறேன். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் திறமை அதனால் கூடியதாகத் தெரியவில்லை. இதற்கெல்லாம் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போங்கள். அறிவு காதால் வரும். கைத்திறன், நம் கையை இன்னொருவர் பார்த்துத் திருத்தினால்தான் வரும். பெரும்பாலான வகுப்புகளில் நம் கையை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் படித்தது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், கிளினிக் வைத்திருப்பது தண்டையார்பேட்டையில். இந்தப் பக்கத்து நோயாளிகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில், உட்கார்ந்து கேட்கும் வகுப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் இப்படிப் படிக்கச் சொல்கின்றன. அதை வெறும் கிரெடிட் ஹவர்ஸ் கணக்காகப் பார்த்தால் நஷ்டம் நமக்குத்தான். காசநோய்க்கு அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மாத்திரை என்று இருந்தது, 2017இல் தினசரி மாத்திரை என்று மாறியது. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் காசநோய் பார்க்கிற ஒருவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய வழியிலேயே போனால் என்ன ஆகும்? இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சே போதும்.

கை சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு அது போதாது. மருத்துவர்களுக்கான கூட்டங்களும் பயிலரங்குகளும் நடைமுறையை எவ்வளவு மாற்றுகின்றன என்று 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2009இல் வெளியிட்டது. முன்னேற்றத்தின் நடு மதிப்பு (மீடியன்) 6 சதவீதம் அளவில்தான் இருந்தது. சிக்கலான பழக்கங்களை மாற்றுவதில் பெரிய பலன் தெரியவில்லை.

நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற பெர்கஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் இருந்த அவுன்பிரக்கர் அதைப் பற்றிய புத்தகத்தை 1761இலேயே போட்டுவிட்டார். ஆனால் அது பரவலாக யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. பாரிஸில் கோர்விசார் அதைப் பல வருடம் தானே செய்து பார்த்து, படுக்கைப் பக்கத்தில் நின்று மாணவர்களுக்கும் காட்டி, 1808இல் பிரெஞ்சில் கொண்டு வந்த பிறகுதான் பரவியது. அந்த மாணவர்களில் ஒருவர்தான் 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக். நடுவில் 47 வருடம். புத்தகத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, அருகில் நின்று கையைப் பிடித்துக் காட்ட ஆள் இல்லை.

இப்போதும் நிலைமை அதுதான். பெர்கஷன் எப்படிச் செய்வது என்று கேட்டால் நாம் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவோம். செய்யச் சொன்னால்தான் தெரியும். இடது கை நடுவிரல் விலா இடுக்கில் அழுத்தமாகப் படிந்திருக்க வேண்டும், மற்ற விரல்கள் நெஞ்சைத் தொடக் கூடாது. தொட்டால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். வலது நடுவிரல் செங்குத்தாக விழ வேண்டும், அசைவு மணிக்கட்டில் இருந்து வர வேண்டும், விழுந்த விரல் உடனே எழ வேண்டும். பலருக்கு முழங்கையே ஆடும். சிலர் விரலை அங்கேயே விட்டுவைப்பார்கள். இன்னும் சிலர் வலது பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தட்டி முடித்துவிட்டு அப்புறம் இடது பக்கம் வருவார்கள். அதற்குள் முதல் சத்தம் மறந்துபோகும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தட்டினால்தான் வித்தியாசம் பிடிபடும். இவற்றில் எது நம்முடைய தவறு என்று நமக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். பக்கத்தில் நிற்பவர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு பெர்கஷன் கற்றுக்கொடுத்த யூனிட் சீஃப், என் விரல்மேல் தன் விரலை வைத்துத் தட்டுவார். "சத்தத்தை மட்டும் கேட்காதே தம்பி, கீழ் விரலுக்கு என்ன தெரியுதுன்னு பாரு" என்பார். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்த இடத்தில் விரலுக்கடியில் நெஞ்சு கல்லாக இருக்கும், கொஞ்சம்கூட அதிராது. அதே இடத்தில் உள்ளங்கை ஓரத்தை வைத்து, "ஒண்ணு ஒண்ணு ஒண்ணு சொல்லுங்க பெரியவரே" என்றால், நீர் இருக்கும் பக்கம் அதிர்வு குறையும். நிமோனியாவில் கட்டியான நுரையீரல் என்றால் அதிர்வு கூடும். படித்து மறந்த இந்த வித்தியாசம் ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சமாக நீர் சேர்ந்திருந்தால் ஸ்கேன்தான் காட்டும், கை காட்டாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரை எக்ஸ்ரேக்கு அனுப்புவது என்று முதலில் முடிவு செய்வது நம் கைதானே? ஹார்பரில் லோடு தூக்குகிறவர் சாயங்காலம் வந்து, "பத்து நாளா காய்ச்சல், ஒரு பக்கம் குத்துது சார்" என்கிறார். எக்ஸ்ரே எடுக்கப் போனால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். காரணம் தெரிந்து, "முதுகில இந்தப் பக்கம் நீர் இருக்கிற மாதிரி தெரியுது, நாளைக்கே போயிடுங்கண்ணே" என்று அழுத்திச் சொன்னால் போவார். எல்லோருக்கும் சொல்வதுபோல எழுதிக் கொடுத்தால் சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கும்.

நம் பகுதிக்கு இன்னொரு முக்கியமான விஷயம், கை காயம். காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்கள், லேத் பட்டறைப் பையன்கள், ஐஸ் உடைப்பவர்கள் என்று விரலில் வெட்டோடு வராத வாரம் கிடையாது. ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971இல் கைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். அந்த நிழலில் படித்தவர்கள் நாம். நமக்கு இது கைவர வேண்டாமா?

வெட்டு சின்னதாகத் தெரியும். நாலு தையல் போட்டு அனுப்பத் தோன்றும். அதற்கு முன் ஒரு நிமிடம் வேண்டும். விரலின் நடு எலும்பைப் பிடித்து நடு மூட்டை நேராக வைத்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்குங்கம்மா" என்று சொல்லுங்கள். மடங்கினால் ஆழத் தசைநாருக்குத் தொடர்பு இருக்கிறது. அடுத்து மற்ற மூன்று விரல்களையும் நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட விரலை மடக்கச் சொல்லுங்கள். இது மேல் தசைநாருக்கு. மற்ற விரல்களைப் பிடிக்காமல் விட்டால், ஆழத் தசைநாரே விரலை மடக்கிக் காட்டிவிடும், மேல் தசைநார் அறுந்தது தெரியாமலே போகும். பாதி அறுந்த தசைநாரும் விரலை மடக்கும். அதனால் நம் விரலால் லேசாக எதிர்த்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். வலித்தாலோ பலம் குறைந்தாலோ சந்தேகப்பட வேண்டும். அதைவிட முக்கியம், விரல் நுனியின் இரண்டு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா என்று மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு நரம்பு அறுந்ததா, மரத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும்போது எளிதாக இருக்கிறது. ரத்தம் சொட்டுகிற விரலோடு ஒருவர் வலியில் கையை இழுத்துக்கொள்ளும்போது எங்கே பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை ஸ்லைடு சொல்லித் தராது. இதை வாரத்துக்குப் பலமுறை செய்கிற ஒருவரின் பக்கத்தில் அரை நாள் நின்றால் வந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்திருக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. பருமனான கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும், கையைத் தொங்கவிட்டாலும் அப்படியே. குழந்தைக்கு இருமல் என்றால் அழாத நேரத்தில், அம்மா மடியிலேயே வைத்து, சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒரு வயதுக்கு மேல் 5 வயதுக்குள் என்றால் 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. கூட்டம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவதும் இவைதான்.

சரி, எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது? அறிவிப்பு வந்ததும் நான் தேடுவது ஒன்றைத்தான்: என்னைச் செய்யச் சொல்லி யாராவது பார்ப்பார்களா? பெரிய ஹாலில் முந்நூறு பேர் என்றால், புதிய சிகிச்சை முறையைத் தெரிந்துகொள்ளப் போவேன். எட்டுப் பத்துப் பேரும் ஒரு பொம்மையும் அல்லது சம்மதித்து வந்த நோயாளியும் இருந்தால், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் போவேன். இதய மசாஜ் பயிற்சி இந்த வகை. நெஞ்சு 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். அளவு காட்டும் பொம்மையில் செய்தால் நாம் எவ்வளவு குறைவாக அழுத்துகிறோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தத் திறன் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும். சான்றிதழ் செல்லுபடியாகிற காலத்தைப் பார்க்காமல் இடையிலும் போய்ச் செய்துவிட்டு வாருங்கள்.

அப்படிப்பட்ட வகுப்பு கிடைக்காவிட்டால் நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். ராயபுரம், காலடிப்பேட்டைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். ஒருவர் மேல் ஒருவர் பரிசோதனை செய்கிறோம், மற்றவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டோம், அழைப்புக்காகவே காத்திருந்தவர் போல வந்தார். நோயாளி யாராவது வர ஒப்புக்கொண்டால், எதற்காக என்று தெளிவாகச் சொல்லி அனுமதி கேட்போம், போதும் என்றால் அத்தோடு நிறுத்திவிடுவோம். இதற்கு கிரெடிட் ஹவர்ஸ் கிடைக்காது. என் கைக்கு அதிகம் கிடைத்தது இங்கேதான்.

பெரிய வகுப்பிலும் ஒன்று செய்யலாம். பேச்சு முடிந்து சாப்பாட்டுக்கு எழும்போது பேசியவரிடம் போய், "சார், முழங்காலில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பதை ஒருதடவை செய்து காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். நான் கேட்டவர்களில் முகம் சுளித்தவர் யாரும் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காட்டியவர்கள் உண்டு.

அப்புறம், உங்கள் கிளினிக்கில் பி.பி.யும் குழந்தையின் மூச்சும் பார்ப்பது யார்? சிஸ்டர்தான் என்றால் அடுத்த பயிலரங்குக்கு அவரையும் அழைத்துப் போக முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். முடியாவிட்டால் ஓ.பி. தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, அவர் உங்களுக்கும் நீங்கள் அவருக்கும் பி.பி. பார்த்து, கஃப் எங்கே கட்டினார், கை எந்த மட்டத்தில் இருந்தது என்று பேசிக்கொள்ளுங்கள்.