மானும் மச்சமும்: கேட்டவற்றுக்குப் பதில்

ஓய்வுபெற்ற மிருக வைத்தியன் நான். ஊர்க்காரர் கேட்டவற்றுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

உவர்மலைத் தம்பி: திருகோணமலைக் கோட்டை மான்களுக்குப் பாண் போடலாமா?

வேண்டாம். பாணைவிடப் பொல்லாதது அது வந்த பை. மான் அசைபோடும் மிருகம், விழுங்கிய பொலித்தீன் இரைப்பையிலேயே தங்கிவிடும், கழிவோடும் போகாது. வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும்.

நிலாவெளித் தங்கச்சி: வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், மற்ற நாளெல்லாம் மச்சம். நாங்கள் சைவர்தானா?

நல்ல கேள்வி பிள்ளை. நாங்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்கே சமயத்தின் பெயரை வைத்துவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. புறநானூற்றில் அந்தணரான கபிலர், இறைச்சி தின்பதைத் தவிர வேறு வேலை அறியாததால்தான் தன் கை மென்மையானது என்று சேரனிடமே சொல்கிறார் (14ஆம் பாட்டு). வள்ளுவர் புலால் மறுத்தலை வைத்தது துறவறவியலில், இல்லறவியலில் அல்ல. ஆறுமுக நாவலர்தான் 19ஆம் நூற்றாண்டில் ஊன் தின்பதைக் கொலை, களவோடு ஒரே பாவப் பட்டியலில் சேர்த்துச் சாதாரணக் குடும்பத்துக்கும் அதைக் கொண்டுவந்தார்.

சாம்பல்தீவு ஐயா: நாவலரைக் குறைத்துப் பேசுகிறீர்கள். மச்சம் தின்கிறவன் சைவனே இல்லை.

குறைக்கவில்லை ஐயா. கோயிலில் ஆடு வெட்டுவதை அவர் எதிர்த்ததில் நான் முழுக்க அவர் பக்கம். யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் வேள்விக்குத் தடை போட 2017 ஆனது, அவர் எவ்வளவு முந்தியவர் என்று பாருங்கள். ஆனால் கண்ணப்பர் இறைச்சி படைத்தார். அதிபத்தர் மீன்பிடிகாரர், வலையில் பட்டதில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். இரண்டு பேரும் நாயன்மார். கரைவலை இழுக்கிறவனைப் பார்த்து நீ சைவனில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே ஐயா: கண்ணப்பர் வேடர், விதிவிலக்கு.

அறுபத்து மூவரில் இரண்டு விதிவிலக்கா? சரி, விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

உப்புவெளி அக்கா: அயல்வீட்டுக்காரர் நாயை அடித்துக் காலை முறித்துவிட்டார். சட்டம் உண்டா?

உண்டு, 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டம். அதில் வைத்த அதிகபட்ச அபராதம் 100 ரூபா! அன்றைக்கு அது பெரிய காசு. இருந்தாலும் பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள், சிறைத்தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

மூதூர்த் தம்பி: கட்டாக்காலி நாய் கடித்துவிட்டது, மஞ்சள் பூசினேன்.

மஞ்சளைக் கழுவு. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. விசர் ஏறினால் மருந்தே இல்லை. இதை வாசித்துக்கொண்டிருக்காதே.

இன்னொருவர்: நட்சத்திர ஆமை வளர்க்கலாமா?

கூடாது, பாதுகாக்கப்பட்ட இனம்.

இன்னொருவர்: மானுக்குப் பிஸ்கட்?

மேலே பாருங்கள்.

இன்னொருவர்: வாழைப்பழத் தோல் என்றால் பரவாயில்லைத்தானே?

தோலைப் போட்டுவிட்டுப் பையை எங்கே போடுவீர்கள்?