காரைக்குடியில் பழைய பாத்திரம் வாங்கி வீட்டில் புழங்கலாமா?

சித்திரைக்குள் அடுப்படியைப் பழைய செட்டிநாட்டுச் சாமான்களால் மாற்றியமைக்க ஆசை, ஆனால் "யாரோ கஷ்டத்தில் விற்றது, வீட்டுக்குள் கொண்டுவராதே" என்று மாமியார் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "யாரோ" எங்கள் வீடாகவும் இருக்கலாம். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம். அப்பத்தா காலமான பிறகு ஏழு பங்காக வீடு பிரிந்தது. கஷ்டம் ஒன்றும் இல்லை. வைத்துக் காப்பாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். இரண்டாம் கட்டு அறைகளைத் திறந்து சாமான்களை வளவில், அதாவது உள் முற்றத்தில், பரப்பினோம். அண்டா, தவலை, வெண்கலப் பானை எல்லாம் எடைக்குப் போயின. பெயர் வெட்டிய பித்தளை நேராக உருக்கப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தவலையையாவது மறித்திருப்பேன்.

எனாமல் சாமான்களை மட்டும் வியாபாரி தொடவில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு, உருக்கினால் என்ன கிடைக்கும்? ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் கடை வைத்திருந்தபோது கப்பலில் வந்தவை அவை. அடியில் ஸ்வீடன் முத்திரை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. நீல விளிம்பு வைத்த பாத்திர அடுக்கு ஒன்றையும் நான்கு தட்டுகளையும் நான் கேட்டு எடுத்துக்கொண்டேன். "இத வச்சு என்னத்தா செய்யப் போற?" என்றார் சித்தப்பா.

இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் அதே எனாமல்தான் முன்வரிசையில் இருக்கிறது. விலை ஏறியதும் "அது பொதுச் சொத்து, பங்கு வர வேண்டும்" என்று உறவில் பேச்சு வருகிறது. ஏழு பங்காளிகளும் நிற்கும்போது கேட்டு எடுத்தது அது. நான் ஒளித்து எடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பித்தளை விற்ற பணத்தில் எங்கள் பங்கு என்ன ஆனது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரிடம் சொல்லுங்கள்: நீங்கள் வாங்காவிட்டால் அந்தப் பித்தளை உலைக்குத்தான் போகும். ஆனால் வாங்கினால் புழங்குங்கள். பித்தளையில் புளி, தயிர் படும் சமையல் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் களிம்பேறும். பூச்சுக்காரர் வைத்திருப்பது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. ஈயச்சொம்பு வாங்கினால் காலியாக ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் வற்றினால் போச்சு. கல்சட்டியை வாரக்கணக்கில் சோறு வடித்த கஞ்சி ஊற்றிப் பழக்கிய பிறகே அடுப்பில் வையுங்கள். பூச்சு பெயர்ந்த எனாமலில் சமைக்க வேண்டாம். வத்தல் காய வைக்கலாம், காய்கறி போட்டு வைக்கலாம்.

பங்குனியில் வேப்பம்பூ உதிரத் தொடங்கினால் எங்கள் வீட்டில் அந்த நான்கு தட்டுகளும் மொட்டை மாடிக்குப் போய்விடும். மாவடு ஜாடியில், நீர்மோர் வெண்கலச் சொம்பில். அடுப்படிக்கு இதைவிட வேறு அலங்காரம் எனக்குத் தோன்றவில்லை. ரசனை இல்லாதவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

தவலையின் அடியில் ஓட்டை போட்டு விளக்கு மாட்டுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று தலைமுறைக்குத் தண்ணீர் கொடுத்த பாத்திரம் அது. இன்னொன்று, எங்கள் ஊர் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் செருப்போடு முகப்பில் ஏறி வீடியோ எடுக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறோம், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? போன மாதம் ஆத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் படம் பிடித்துவிட்டுப் போனார்கள்.

கடையில் பேரம் பேசும்போது பெயர் எழுத்தைத் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், எங்கள் அடுக்கில் இரண்டாவது பாத்திரத்துக்கு மூடி இல்லை. வெள்ளை, நீல விளிம்பு, ஒரு சாண் அகலம். அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் மூடிக் குவியலைக் கிளறிப் பார்க்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள்.