பெயர் கேட்காத சர்வே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கொருமுறை பணியாளர் சர்வே நடக்கும். "உங்கள் பெயர் எங்கும் பதிவாகாது, மனம் திறந்து எழுதுங்கள்" என்று மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மறுவாரம், "நீங்கள் இன்னும் சர்வேயை முடிக்கவில்லை" என்று நினைவூட்டல் வந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் முதல் நாளே முடித்துவிட்டார். அவருக்கு அது வரவில்லை. பெயரே பதிவாகாது என்றால், நான் முடிக்கவில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

எங்கள் குழுவில் ஆறு பேர். நான் ஒருத்திதான் பெண். மேலாளரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கடைசியில் இருக்கும் "வேறு ஏதேனும் கருத்து" என்ற கட்டத்தைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறது. உண்மையை எழுதலாமா, இல்லை சர்வேயையே நிரப்பாமல் விட்டுவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரை நீக்கிவிட்டேன். பிறகு கடிதத்தை மறுபடி படித்தபோது அது போதாது என்று பட்டது. உங்கள் துறை, பணியில் சேர்ந்த ஆண்டு, மேலாளர் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்வதாக நீங்கள் எழுதியிருந்த வாக்கியம் ஆகியவற்றையும் எடுத்துவிட்டேன். குழுவின் எண்ணிக்கையையும் மாற்றியிருக்கிறேன். ஒரே பெண் என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அது பதிலுக்குத் தேவைப்படுகிறது, அப்படிப்பட்ட குழுக்களும் ஏராளம். மற்றவை இருந்திருந்தால் உங்கள் அலுவலகத்தில் எவரும் இரண்டாவது பத்தியிலேயே உங்களைக் கண்டுபிடித்திருப்பார்.

நினைவூட்டல் உங்களுக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் எளிது. உங்களுக்கு வந்த லிங்க்கின் கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான தொடர் ஒன்று இருக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் லிங்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அது உங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. எங்கோ ஒரு பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கிறது. இதை உடனே சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே லிங்க் கொடுத்தால், கோபத்தில் இருக்கும் ஒருவர் பத்து முறை நிரப்பலாம். ஒழுங்காக நடத்துபவர்கள், யார் பதிலளித்தார் என்பதையும் என்ன பதிலளித்தார் என்பதையும் தனித்தனியே பிரித்து வைக்கிறார்கள். அப்படிப் பிரித்தார்களா என்பதை நிரப்புகிறவர் தன் திரையிலிருந்து அறிய முடியாது.

ஒரு சோதனை மட்டும் உண்டு. சர்வேயில் உங்கள் துறை, வயது, பணிக்காலம் எதையும் கேட்கவில்லை. ஆனால் முடிவுகள் துறைவாரியாகவும் பணிக்காலவாரியாகவும் வெளிவருகின்றன என்றால், அந்த விவரங்கள் லிங்க் வழியாகப் பதில்களோடு சேர்ந்துவிட்டன என்று பொருள். சர்வே நடத்தும் வெளி நிறுவனத்துக்குப் பணியாளர் எண், துறை, மேலாளர் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் அடங்கிய பட்டியல் முன்கூட்டியே போய்விடுவது சாதாரணம். அங்கே பெயர் இல்லாமல் போவதில்லை. யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதில்தான் கட்டுப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, பெயரே இல்லாததையும் பெயரை மறைத்து வைப்பதையும் ஒன்றாகக் குழப்புவதில்லை: பெயருக்குப் பதில் குறியீடு இட்டாலும், அதை மீண்டும் ஆளோடு இணைக்க முடியுமென்றால் அது தனிநபர் தரவுதான். உங்கள் மனிதவளத் துறை பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. தனக்கே முழுதாகத் தெரியாத ஏற்பாட்டுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் பாராட்டத்தக்கதல்ல.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை பழையது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே விவரங்களால் அமெரிக்க மக்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிய நாட்டுக்கே மூன்று விவரம் போதுமென்றால், ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பாலினம் ஒன்றே அதிகம்.

இதைத் தடுக்கக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று வைக்கிறார்கள். ஐந்து பேருக்குக் குறைவாகப் பதிலளித்த பிரிவின் முடிவைத் தனியே காட்டுவதில்லை என்பது பரவலான வழக்கம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கழித்தல் கணக்குத் தெரிந்தவரிடம் அது முழுதாகச் செல்லாது. ஒரு துறையில் 20 பேர், எல்லோரும் பதிலளித்தார்கள், சராசரி ஐந்துக்கு 3.9 என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் 19 பேரின் சராசரி 4. பெண் ஒருவர்தான் என்பதால் பெண்களின் வரிசை காலியாக விடப்பட்டிருக்கிறது. 20 பேரின் கூட்டுத்தொகை 78, ஆண்களுடையது 76. காலியாக விட்ட இடத்தில் இருப்பது 2. கவனமான மென்பொருள் இப்படிக் கழிக்க இடம் தராமல் ஆண்களின் வரிசையையும் சேர்த்தே மறைக்கும். எக்செல் தாளில் அவசரமாகத் தயாரித்த அறிக்கையிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையிலேயே எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி கேட்க வழி இல்லாமலில்லை. 1965-இல் ஸ்டான்லி வார்னர் ஒரு முறையை முன்வைத்தார். பதிலளிப்பவர், கடிகார முள் போல வட்டத்தில் சுழலும் ஒரு முள்ளைத் தனியே சுற்றிவிடுவார். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வாக்கியங்களில் ஏதோ ஒன்றுக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்பார். எந்த வாக்கியத்துக்கு என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒருவரின் "ஆம்" அவரைப் பற்றி எதையும் உறுதிசெய்யாது. பலருடைய பதில்களைச் சேர்த்தால் மொத்த விகிதத்தை மட்டும் கணக்கிடலாம். அலுவலகங்கள் ஏன் இதை விரும்புவதில்லை? அவற்றுக்கு வேண்டியது மொத்த விகிதமல்ல. எந்த மேலாளரின் கீழ் புகைகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ள ஆட்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்க வேண்டும், பிரிக்கப் பிரிக்க ஆள் தெரியத் தொடங்குவார். நிர்வாகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்த முரண் போகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: உங்கள் விஷயத்தில் லிங்க்கும் சராசரியும் இரண்டாம்பட்சம். உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியது அந்தக் கடைசிக் கட்டம்தான். பல இடங்களில் அதில் எழுதியது ஒரு சொல்லும் மாறாமல் மேலாளர் கைக்குப் போகிறது. தினமும் உங்கள் மின்னஞ்சலைப் படிப்பவர் அவர். நீங்கள் எங்கே முற்றுப்புள்ளி வைப்பீர்கள், எந்தச் சொல்லை அடிக்கடி எழுதுவீர்கள் என்பது அவருக்கு எந்த மென்பொருளும் இல்லாமலே தெரியும். தவறாக ஊகித்தாலும் ஆபத்துதான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் கருத்துகளை அச்செடுத்துவந்து கூட்டத்தில் உரக்கப் படித்தார். ஒரு வரியில் நிறுத்தி, எதிரே இருந்த ஒருவரை நிமிர்ந்து பார்த்தார். அதை எழுதியவர் அவரல்லர். ஆனாலும் அதன்பின் நல்ல வேலைகளெல்லாம் அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின. எழுதியவர் வாய் திறக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

ஆகவே அந்தக் கட்டத்தில் எழுதுவதானால், உங்கள் குழுவில் வேறு மூன்று பேராவது எழுதியிருக்கக்கூடியதை எழுதுங்கள். "கூட்டங்கள் வேலைநேரம் முடிந்த பிறகு வைக்கப்படுகின்றன" என்று எழுதலாம். "போன மாதம் நான் விடுப்புக் கேட்டபோது" என்று தொடங்கினால் நீங்களே கையெழுத்திட்ட மாதிரி. அந்த மேலாளர் செய்வது பாலியல் தொல்லையோ பண மோசடியோ என்றால் சர்வே அதற்கான இடமே அல்ல. யார், எப்போது, எங்கே என்று இல்லாத புகாரை எவராலும் விசாரிக்க முடியாது. பெயரோடு, எழுத்தில், அதற்கென உள்ள குழுவிடம் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். புகார் அளித்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. சர்வேயில் எழுதிய ஒரு வரியைக் காட்டி அந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம்.

நிரப்பாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிரப்பாததும் பதிவாகும், நினைவூட்டலிலேயே அதைப் பார்த்துவிட்டீர்கள். அதைவிட முக்கியமாக இன்னொன்று இருக்கிறது. குறைந்தபட்சம் ஐந்து என்ற விதி உங்கள் அலுவலகத்திலும் இருந்து, ஆறு பேரில் இருவர் ஒதுங்கிவிட்டால், உங்கள் குழுவுக்குத் தனி அறிக்கையே வராது. நான்கு பேரின் பதில்களும் பெரிய துறையின் சராசரியில் கரைந்துபோகும். பிறகு அந்த மேலாளரின் பெயருக்கு நேரே மேலிடம் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. குறைந்தபட்ச எண்ணிக்கை என்ன, கருத்துகளை அப்படியே யாரெல்லாம் படிப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் வேறு துறைக்காரர் ஒருவரை விட்டு மனிதவளத் துறையிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலும் எண்களை உண்மையாகவே குறித்துவிடுங்கள், கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.