பாஸ்டில் சாவி எங்கே போனது? புரட்சிக் காலம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி இரண்டையும் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை ஆட்களைப் பற்றியும் இடங்களைப் பற்றியும். எனக்கும் அதுதான் பிடிக்கும். தேதி மனப்பாடம் செய்யும் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். முப்பது ஆண்டு வகுப்பறையில் அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. (ஒன்று மட்டும் தப்பி உள்ளே வந்துவிட்டது.)

கேள்வி (கல்லூரி மாணவி): பாரிஸில் பாஸ்டில் சிறைக்கோட்டையை உடைத்து ஆயிரக்கணக்கான கைதிகளை மக்கள் விடுவித்தார்கள் என்று படித்தேன். உண்மையா ஐயா?

பதில்: ஏழே பேர் அம்மா. 1789 ஜூலை 14 அன்று உள்ளே இருந்தவர்கள் கள்ளப் பத்திரம் தயாரித்த நால்வர், மனநலம் குன்றிய இருவர், பிரபு குலத்தைச் சேர்ந்த ஒருவர். கூட்டம் தேடிப் போனது கைதிகளை அல்ல, வெடிமருந்தை. அன்று காலையில்தான் இன்வாலிட் மாளிகையில் புகுந்து ஏறக்குறைய 30,000 துப்பாக்கிகளை அள்ளி வந்திருந்தார்கள். துப்பாக்கி கையில் இருக்கிறது, மருந்து இல்லை. மருந்துப் பீப்பாய்கள் 250 பாஸ்டிலுக்குள் பத்திரமாக இருந்தன. அதனால்தான் அங்கே போனார்கள். தாக்கியவர்களில் ஏறத்தாழ நூறு பேர் மாண்டார்கள். கோட்டைத் தலைவர் த லோனேயைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் விட்டார்கள்.

அதற்குப் பின் நடந்தது எனக்கு இன்னும் சுவையானது. பலுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கோட்டையை இடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். இடிந்த கல்லிலேயே குட்டி பாஸ்டில்களைச் செதுக்கி, நாட்டின் 83 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக அனுப்பிவைத்தார். மிச்சக் கற்களில் ஒரு பகுதி சேன் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கான்கோர்டு பாலத்துக்குப் போனது. பாரிஸ்காரர்கள் இன்றும் அந்தக் கல்லை மிதித்துத்தான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

கேள்வி: கோட்டை இடிந்தது சரி. அதன் சாவி?

பதில்: அமெரிக்காவில் இருக்கிறது. வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டின் நடுக்கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் தொங்குகிறது. 1790இல் அதை அனுப்பியவர் லஃபாயெட் என்ற பிரெஞ்சுப் பிரபு. பத்தொன்பது வயதில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், வாஷிங்டனின் கீழ் போரிட்டு, பிராண்டிவைன் சண்டையில் காலில் குண்டு வாங்கியவர். வாஷிங்டனைத் தந்தையாகவே நினைத்தார். சாவியை ஒப்படைத்தது தாமஸ் பெயினிடம். அமெரிக்கர்களை விடுதலையின் பக்கம் திருப்பிய சிறு நூலை 1776இல் எழுதிய அதே பெயின்தான். சாவியைத் தூக்கிக்கொண்டு லண்டன் வந்த அவர், அங்கிருந்து வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினார்.

இந்த மூவரில் இருவரைப் பின்னாளில் சிறை விழுங்கியது. லஃபாயெட் 1792 முதல் ஐந்தாண்டு பிரஷ்யா, ஆஸ்திரியச் சிறைகளில் கிடந்தார். பெயின், அரசனைக் கொல்லாதீர்கள் என்று பிரெஞ்சு மன்றத்தில் வாதாடியவர். 1793 டிசம்பரில் பாரிஸிலேயே அடைபட்டார். மூன்றாமவரின் வீட்டில் சாவி தொங்கியது. 1799இல் எடுத்த கணக்கின்படி அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவர் பெருமையாகக் காட்டிய சாவியை அவர்களில் சிலரும் தினம் துடைத்திருக்க வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி): ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு அரசி மேரி அன்டாய்னெட் சொன்னாரா, இல்லையா? என் மகனுக்கும் எனக்கும் இதில் தீராத சண்டை.

பதில்: சொன்னதற்குச் சான்று இல்லை. 1760களில் சிந்தனையாளர் ரூசோ எழுதிய தன்வரலாற்றில் "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாக இந்தக் கதை வருகிறது. அப்போது மேரி அன்டாய்னெட் வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. பிரான்ஸுக்கு மணமகளாக வந்ததே 1770இல். அதிலும் கேக் அல்ல, பிரியோஷ். வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ஒருவகை ரொட்டி. நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லவில்லையே!

அவரே மீண்டும்: நான் ஜெயித்துவிட்டேன். அப்படியானால் அவர் குற்றமற்றவர்தானே?

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். 1791 ஜூனில் மாறுவேடத்தில் குடும்பத்தோடு தப்பி ஓடி, வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார்கள். வழியில் அரசனை அடையாளம் கண்டவர் ஓர் அஞ்சல் நிலையத் தலைவர். 1792இல் போர் தொடங்கும் நேரத்தில் பிரெஞ்சுப் படைத் திட்டங்களை ஆஸ்திரியாவுக்கு இரகசியமாகத் தெரிவித்ததும் மேரி அன்டாய்னெட்தான். மகனிடம் இதையும் சொல்லுங்கள், சமன் ஆகிவிடும்.

கேள்வி: தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரே அதில் செத்தார் என்பார்களே?

பதில்: கதை. மருத்துவர் கில்லட்டின் 1814இல் படுக்கையில் இயற்கையாக இறந்தார். வலியில்லாத ஒரே முறை எல்லோருக்கும் வேண்டும் என்று மன்றத்தில் பேசியது மட்டும் அவர். வடிவமைப்பு அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவருடையது. முதல் இயந்திரத்தைச் செய்தவர் டோபியாஸ் ஷ்மிட், ஹார்ப்சிகார்டு என்ற இசைக்கருவி செய்யும் ஜெர்மானியர்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): அமெரிக்க விடுதலை நாள் ஜூலை 2 என்று ஒரு நண்பன் சொல்கிறான். விடைத்தாளில் எதை எழுத?

பதில்: ஜூலை 4 என்றே எழுதுங்கள் தம்பி, மதிப்பெண் முக்கியம். விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. அந்த நாளைத்தான் கொண்டாடுவார்கள் என்று விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். அறிக்கையின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. கணிப்பில் தவறிய ஆடம்ஸும், அறிக்கையை எழுதிய ஜெஃபர்சனும் இறந்தது ஒரே நாளில்: 1826 ஜூலை 4.

கேள்வி (கூடலூர், நீலகிரி): பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது நம் தேயிலையா?

பதில்: இல்லை, சீனத் தேயிலை. 1773 டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி என்பதால் குழப்பம் வருகிறது. உங்கள் மலையில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.

கேள்வி (கடலூர்): எங்கள் ஊருக்கும் அமெரிக்க விடுதலைப் போருக்கும் தொடர்பு உண்டு என்றால் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.

பதில்: நம்ப மறுப்பவர்களை என்னிடம் அனுப்புங்கள். 1778இல் அமெரிக்கர் பக்கம் பிரான்ஸ் சேர்ந்ததும் போர் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிறகு ஹைதர் அலியோடு கைகோத்த பிரெஞ்சுக்காரர்கள் 1782இல் கடலூரைக் கைப்பற்றினார்கள். கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாக 1783 ஜூன் 20இல் உங்கள் கடலூர்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வரவேண்டும். அது வந்து சேர்ந்த ஜூன் இறுதி வரை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை கோட்டைக்குள்ளும், ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை வெளியிலும் நின்று சண்டையிட்டன. முடிந்துபோன போருக்காகக் கடலூர் மணலில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், நம் சிப்பாய்களும் சேர்த்து. அந்தப் போரின் கடைசிச் சண்டை எது என்ற பேச்சு வரும்போது பலர் சொல்வது கடலூரைத்தான்.

கேள்வி: அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸும் நம் பாடப்புத்தகத்துக் கார்ன்வாலிஸும் ஒருவரா?

பதில்: ஒருவரேதான். 1781 அக்டோபர் 19 அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளை ஒப்படைக்கத் துணைத்தளபதி ஓ'ஹாராவை அனுப்பினார். ஓ'ஹாரா முதலில் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்டப் போக, அவர் வாஷிங்டனைக் காட்டினார். வாஷிங்டனோ, துணைக்குத் துணையே போதும் என்பதுபோலத் தம் துணைத்தளபதி பெஞ்சமின் லிங்கனைக் காட்டிவிட்டார். ஐந்தே ஆண்டில் கார்ன்வாலிஸ் இந்தியாவின் தலைமை ஆளுநர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பாதி நாட்டையும், பிணையாக இரு மகன்களையும் வாங்கிக்கொண்டார். சேலம், தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். அங்கே இழந்ததை இங்கே ஈடுகட்டினார் என்று வகுப்பில் சொல்வேன்.

கேள்வி: துரோகிக்குச் சிலை வைத்த நாடு உண்டா?

பதில்: காலுக்கு மட்டும் உண்டு. அமெரிக்காவின் சரடோகா போர்க்களத்தில் ஒற்றைக் காலணி மட்டும் செதுக்கிய நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. 1777இல் அங்கே வெற்றிக்குக் காரணமாக இருந்து, காலில் அடிபட்ட அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் அர்னால்டுக்காக வைத்தது. 1780இல் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பணத்துக்கு ஆங்கிலேயரிடம் விற்கப் பார்த்தார். ஆகவே கல்லில் வீரத்தைப் புகழ்கிறார்கள், பெயரைப் பொறிக்கவில்லை.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி மாணவர்): இந்தக் காலத்தில் ஒரே ஒருவரைப் பற்றி வகுப்பெடுக்கலாம் என்றால் யாரை எடுப்பீர்கள்?

பதில்: தூசான் லூவர்தூரை. தயங்கவே மாட்டேன். இன்றைய ஹைட்டி அன்று பிரான்ஸின் கரும்புப் பொன்சுரங்கம். "மனிதர் அனைவரும் சமம்" என்று பாரிஸ் அறிவித்தபோது, அந்தத் தீவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றிருந்த தூசான் அவர்களுக்குத் தளபதியானார். 1794இல் பிரெஞ்சு மன்றம் அடிமை முறையை ஒழித்தது. மனம் இரங்கி மட்டும் அல்ல, தீவு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததாலும்தான்.

1801 இறுதியில் நெப்போலியன் தம் மைத்துனர் லெக்லேர் தலைமையில் பெரும்படை அனுப்பினார். பேச்சுவார்த்தைக்கு அழைத்துத் தூசானைப் பிடித்தார்கள். வெப்பநாட்டு மனிதரைப் பனிமலைக் கோட்டையான ஃபோர் த ஜூவில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7இல் அங்கேயே இறந்தார். ஆனால் மஞ்சள் காய்ச்சல் லெக்லேரையும் அவர் படையையும் தின்றுவிட, 1804 ஜனவரி 1இல் ஹைட்டி விடுதலை அறிவித்தது. இதோடு நிறுத்தாதீர்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. இழப்பு யாருக்கு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு! பின்னால் தொகையைக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களோ இருபதாம் நூற்றாண்டு வரை அந்த நாட்டின் கழுத்தில் தொங்கின.

கேள்வி: அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன். பாஸ்டிலில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: போக்குவரத்து இருக்கிறது. கோட்டைச் சுவரின் தடத்தைத் தரையில் வேறு நிறக் கல்லால் காட்டியிருக்கிறார்கள். மெட்ரோ ஐந்தாம் தடத்தின் நடைமேடையில் பழைய சுவரின் எச்சம் கொஞ்சம் தெரியும். நேரம் இருந்தால் கிழக்கே பிக்பஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1794 கோடையில் தலை வெட்டுண்ட 1,306 பேர் அங்கே இரண்டு குழிகளில் கிடக்கிறார்கள். லஃபாயெட்டின் மனைவி ஆட்ரியேனின் பாட்டி, தாய், அக்கா மூவரும் அதில் அடக்கம். அதனால்தான் ஆட்ரியேனும் லஃபாயெட்டும் அதன் அருகே இடம் கேட்டார்கள். லஃபாயெட்டின் சவப்பெட்டி மேல் தூவியது அமெரிக்க விடுதலைப் போர்க்களமான பங்கர் ஹில் மண். கல்லறைமேல் பறப்பது அமெரிக்கக் கொடி.