தனிமக் குறியீடு சார்ட்: எல்லாமே லத்தீன் இல்லை

மகளின் கண்காட்சிச் சார்ட்டில் 'ஆங்கிலப் பெயரோடு பொருந்தாத 11 குறியீடுகளும் லத்தீன்' என்று எழுதியதை ஆசிரியர் சுழித்துவிட்டார், மும்பை மாட்டுங்காவில் கேட்க ஆளில்லை என்கிறீர்கள். ஆசிரியர் சுழித்தது சரிதாங்க. இடிப்பது டங்ஸ்டன். அதன் 'டபிள்யூ', வோல்ஃப்ராம் என்ற ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. டங்ஸ்டன் என்றால் ஸ்வீடிஷில் 'கனமான கல்'.

மீதி பத்தும் லத்தீன் வடிவம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் லத்தீன் இல்லை. பாதரசத்தின் ஹைட்ரார்ஜிரம் கிரேக்கத்தில் 'நீர்வெள்ளி'. பொட்டாசியத்தின் 'கே' காலியம் (Kalium) என்ற பெயரிலிருந்து. அதற்கு மூலம் தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல். 1807-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்து வைத்த பெயர் பொட்டாசியம். குறியீட்டில் நிலைத்தது என்னவோ காலியம்தான்.

அர்ஜென்டினாவால் வெள்ளிக்குப் பெயர் வந்ததாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், கதை தலைகீழ்: வெள்ளியின் லத்தீன் பெயரான அர்ஜென்டத்திலிருந்துதான் நாட்டுக்குப் பெயர். செம்பின் லத்தீன் பெயர் சைப்ரஸ் தீவிலிருந்து வந்தது என்றால் அது சரி.

புதுச் சார்ட் 56-க்கு 71 சென்டிமீட்டர் என்றால் படுக்கைவாட்டில் வைத்து, 16 அகலம் 14 உயரத்தில் கட்டங்கள்: 4 பத்தி, 3 வரிசை. மேலே தலைப்புக்கு 14 மிஞ்சும். வேர்மொழிக்கு ஒரு நிறம். நிற விளக்கம் 12-ஆவது கட்டத்தில். குறியீட்டின் இரண்டாவது எழுத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தாகவே எழுதச் சொல்லுங்கள், ஸ்கெட்ச் பேனாவில் அதுதான் முதலில் தப்பும்.